நாலாவது போல்ட்

இதை நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அவர் இதைச் சொன்ன மதியம் என் கவனத்தில் பாதிதான் அவர் பக்கம் இருந்தது. மீதி, நான் விலைக்குப் பார்க்கப் போயிருந்த அவருடைய பழைய வண்டியின், மூடி திறந்து கிடந்த என்ஜின் பக்கம். சக்கரம் வலதா இடதா, தொலைபேசி வந்தது மூன்று மணிக்கா நான்கு மணிக்கா என்பதிலெல்லாம் இப்போது தடுமாறுகிறேன். ஆனால் அவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்பது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.

அவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர் ஒருவரின் பின்னறையில் மெழுகும் அச்சுமாக இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். தெருவில் பல்செட்காரர் என்றால்தான் தெரியும். ஒரு தலைமுடி கனம் கூடினாலும் வாய்க்குள் அது பாறாங்கல் மாதிரி உறுத்தும் என்பார். அந்தக் கைப்பழக்கத்தோடுதான் வண்டி வேலையிலும் இறங்கினார்.

வண்டி அறுபது வருடப் பழசு. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள். ஏதோ ஒரு தீவனக் கிடங்கின் மூலையில் எலிக்கூடு சகிதம் கிடந்ததை வாங்கி, வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு உள்ளே தள்ளினார்கள். தள்ளியது அவரும் அவர் மனைவியின் தம்பியும். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்தோடு மல்லுக்கட்டுகிற வேலை. பதினோரு வருடம், விடுமுறை நாள் தவறாமல், காலையில் டிபன் டப்பாவோடு வந்துவிடுவான்.

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்த்தார். வண்டியைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது.

"என் தம்பியை உங்களுக்கா கட்டிக் கொடுத்தாங்க, என்னைக் கட்டிக் கொடுத்தாங்களா?" என்பார்.

"உன்னைத்தான். இவன் சீதனம்," என்பார் அவர்.

"திருப்பி எடுத்துக்க முடியாத சீதனம்க்கா," என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும்.

இரண்டு பேர் ஒரே வண்டியில் கை வைக்கும்போது வரும் பெரிய சிக்கல், இவன் முடுக்கினானா அவன் முடுக்கினானா என்பதுதான். அதற்கு அவர்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். முடுக்கத்தை அளந்து 'டக்' என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று இருந்தது. அதில் டக் கேட்ட பிறகு அந்த போல்ட்டின் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் முடிந்தது. இன்னொருவர் அதைத் தொடக்கூடாது. தொட்டுச் சோதித்தால் அது சந்தேகப்படுவதாக அர்த்தம். ஒருமுறை, இவர் புள்ளி வைத்த நட்டு ஒன்றை மச்சினன் ஸ்பானர் போட்டு அசைத்துப் பார்த்தான் என்று இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் தொட்டதில்லை.

நகப்பூச்சு மனைவியுடையது. "என் விரலுக்கு வச்சதைவிட உங்க வண்டிக்கு வச்சதுதான் ஜாஸ்தி," என்று அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

வண்டியில் எதையும் மாற்றக்கூடாது, பிறந்தபடியே இருக்க வேண்டும் என்பது பல்செட்காரரின் பிடிவாதம். மச்சினனுக்கு பிரேக் விஷயத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை.

"அத்தான், மிதிச்சா இது நிக்கறதில்ல. நிக்கலாமா வேணாமான்னு யோசிக்குது. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டுருவோம்."

"அது இந்த வண்டியோட பிரேக் இல்லை மாப்ளே."

"நீங்க செஞ்ச பல்லு மட்டும் அவங்க வாயில முளைச்சதா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. வேறொரு வண்டியின் பிரேக்கை இதில் உட்கார வைக்க இரும்புத் தகட்டில் ஒரு தாங்கி வேண்டியிருந்தது. அட்டையில் வெட்டி, மரத்தில் வெட்டி, மூன்று மாதம் அளந்து கடைசியில் இரும்பில் வெட்டினார்கள். பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு போல்ட். அவற்றை மச்சினன் தன் வேலையிடத்து ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி வந்தான். "பதினஞ்சு பேரைத் தாங்கற போல்ட்டு அத்தான். உங்களைத் தாங்காதா?"

சனிக்கிழமை பிற்பகல் மச்சினனுக்கு வேலை இருந்தது. பல்செட்காரர் தனியாக உட்கார்ந்து தாங்கிகளைப் பொருத்தினார். முதல் போல்ட்: டக், புள்ளி. இரண்டாவது, மூன்றாவது அதேபோல. நான்காவதை விரலால் திருகி உள்ளே விட்டபோது மனைவி வாசலில் வந்து நின்றார். நூலகத்தில் யாரோ ஓய்வு பெறுகிறார்கள், விழாவுக்கு நேரமாகிவிட்டது, ஒரு கை நகத்துக்குப் பூசியாயிற்று, மறு கைக்கு பாட்டிலைக் காணோம்.

"இதோ, ஒண்ணுதான் பாக்கி."

"அந்த ஒண்ணுக்குள்ள பஸ் போயிடும். கொடுங்க."

அவர் நான்காவது போல்ட்டின் தலையில் புள்ளியை வைத்துவிட்டு பாட்டிலை நீட்டினார். முடுக்கவில்லை. இதோ முடுக்கப்போகிறோம், அவ்வளவுதானே. மனைவி வாசலிலேயே நின்று இரண்டு விரலுக்குப் பூசிக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. மருத்துவர். ஒரு கிழவருக்குக் கீழ்ப்பல்செட் குத்துகிறது, வாயெல்லாம் புண், உடனே வந்து தேய்த்துக் கொடுக்க வேண்டும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு மச்சினன் வந்தான். குனிந்து பார்த்தான். நான்கு புள்ளி, நான்கும் சிவப்பு. பிரேக்குகளைத் தாங்கியில் ஏற்றி, பிரேக் எண்ணெய் ஊற்றி, குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றி, சக்கரங்களை மாட்டினான். கீழே கிடந்த டார்க் ரெஞ்சைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தான். பல்செட்காரர் திரும்பி வந்தபோது வண்டி நாலு காலில் நின்றுகொண்டிருந்தது.

"பாத்துட்டியா மாப்ளே?"

"எல்லாம் சிவப்பு அத்தான்."

அவர் அன்று முழுக்கக் கிழவரின் ஈறைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஓட்டம். பதினோரு வருடம் காத்திருந்தவர் அவர்தான் ஓட்டியிருக்க வேண்டும். மச்சினன் சாவியை வாங்கிக்கொண்டான். "டிஸ்க் என் யோசனை. நின்னா வண்டி உங்களுது, நிக்கலைன்னா பழி எனக்கு." அப்படியே சொன்னான். தெருமுனை வரை சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு மேட்டுச் சாலையில் ஏறுகிற சத்தம்.

பல்செட்காரர் சாமான்களை ஒதுக்கினார். டார்க் ரெஞ்ச் பெட்டியைத் திறந்தார். வேலை முடிந்தால் அதன் பிடியைத் திருகி அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே உள்ளே வைப்பது அவர் வழக்கம். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் கெட்டுவிடும். அதை அவர் யாரையும் செய்ய விடமாட்டார். அளவு பூஜ்யத்தில் இல்லை. முடுக்க வைத்த எண்ணிலேயே நின்றது.

அப்போதுதான் அவர் எண்ணினார். டக், டக், டக். மூன்று.

மச்சினனுக்கு போன் போட்டார். அது மேசை மேல், டிபன் டப்பா பக்கத்திலேயே அடித்தது.

இந்த இடத்தில்தான் அவர் என்னிடம் முதல்முறை பேச்சை நிறுத்தினார்.

மேட்டுச் சாலையின் இறக்கத்தில், வளைவில் பிரேக் போட்டபோது, ஒற்றை போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த பிரேக் சுழன்று சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டியிருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ள, வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சுவரில் போய் முட்டியது. ஸ்டியரிங் வளையம் வெட்டித் திரும்பியதில் மச்சினனின் வலது மணிக்கட்டு நொறுங்கிப் போனது. உயிருக்கு ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் இனி முழுதாக மடங்காது என்றார்கள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து வளைவு வரை சாலையோரமாகக் குனிந்துகொண்டே நடந்தார். எதையாவது தொலைத்துவிட்டாரா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மேடு ஏறுகிற இடத்தில், நடைபாதைக் கல்லை ஒட்டி அது கிடந்தது. மரை ஒன்றுகூடச் சிதையவில்லை. உடைந்ததல்ல, கழன்று விழுந்தது. தலையில் புள்ளி பளிச்சென்று இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காட்டுவதற்காகத்தான் எடுத்தேன் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அன்று மாலை மருத்துவமனையில், மனைவியும் பக்கத்தில் இருந்தபோது, மணிக்கட்டு அறுவை முடிந்து கண்ணைத் திறந்ததும் மச்சினன் பல்செட்காரரின் முகத்தைத்தான் தேடினான்.

"மன்னிச்சிடுங்க அத்தான். அந்த போல்ட்டு உடைஞ்சிருச்சு. நான் கொண்டு வந்த போல்ட்டு. பதினோரு வருஷம் நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டியை ஒரே நிமிஷத்துல நாசம் பண்ணிட்டேன்."

போல்ட் அவர் பையில், நெஞ்சுக்கு நேராக இருந்தது. வாயைத் திறந்தார்.

"விடு மாப்ளே," என்றார். "நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

மச்சினன் அழுதான். இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

பஸ்ஸில் அவர்கள் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்த பிறகு மனைவி சொன்னார்:

"பொட்டு வச்சீங்க. பாட்டிலைக் கொடுத்தீங்க. போன் வந்துச்சு, போயிட்டீங்க. நான் வாசல்லதான் நின்னேன்."

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"மறந்தது தப்பில்ல. என்னாலதான் அவசரப்பட்டீங்க, அதையும் சேர்த்தே சொல்லுங்க. ஆனா, அவனை மன்னிச்சீங்களே. எப்படிங்க வாய் வந்துச்சு?"

"சொல்லிடறேன். அவன் கொஞ்சம் தேறட்டும்."

"நான் சொன்னா உங்க வேலை சுலபமா முடிஞ்சிடும். நீங்கதான் சொல்லணும்."

அவன் தேறினான். கட்டு அவிழ்த்தார்கள். லிஃப்ட் கம்பெனி அவனை உச்சியிலிருந்து இறக்கி ஒரு மேசையில் உட்கார வைத்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால், பயப்படாதீர்கள், ஆள் வருகிறது என்று ஒலிவாங்கியில் சொல்கிற வேலை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பல்செட்காரர் அவன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போதெல்லாம் மனைவி கதவைத் திறந்து முகத்தை ஒருமுறை பார்ப்பார். கேட்க மாட்டார். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒரு நாள் நிச்சயமாகச் சொல்லிவிடுவது என்றே போனார். பையில் போல்ட்டும் இருந்தது. மச்சினன் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். நோட்டு முழுக்கச் சின்னப் பிள்ளை கையெழுத்து.

"மாப்ளே, அந்த போல்ட்டு விஷயம்..."

"வேணாம் அத்தான்." அவன் தலை நிமிரவில்லை. "அதை மட்டும் பேச வேணாம். ஸ்டோர்ல சண்டை போட்டு அந்தப் பெட்டி மொத்தத்தையும் தூக்கிப் போட வச்சேன். ஸ்டோர் கீப்பரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. எனக்கு அதுவும் போதல. எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க, எதுக்கு அந்த போல்ட்டைப் போட்டேன்னு. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை கேக்கல." நோட்டை அவர் பக்கம் திருப்பினான். "பாருங்க, என் பேரு எழுத வந்திருச்சு."

எழுத்து நன்றாக இருக்கிறது என்றார் அவர். டீ குடித்தார். கிளம்பினார்.

அன்று மனைவி கதவைத் திறந்தார், முகத்தைப் பார்த்தார், வழிவிடாமல் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியில் துணி எடுத்து வைத்தார். "அவனுக்கு ஒரு கை வேணும்," என்றார். "நான் போறேன். நீங்க சொன்ன அன்னிக்கு அவனே என்னைக் கொண்டுவந்து விடட்டும்." மேசை மேல் நகப்பூச்சு பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். அடியில் கொஞ்சம் மீதி இருந்தது.

இரண்டாவது முறை அவர் நிறுத்தியது இங்கே. அது நீண்ட நேரம். என்ஜினைப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

அந்த அம்மாள் தம்பி வீட்டிலிருந்துதான் ஓய்வு பெறும்வரை நூலகத்துக்குப் போய் வந்தார். தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. அக்காவும் அத்தானும் ஏன் பிரிந்தார்கள் என்று தெரியாமல், அதற்கும் தன் விபத்தே காரணம் என்று அவன் நம்பினான்; இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறான். ஸ்டோர் கீப்பர் திரும்பி வரவில்லை. பல்செட்காரர் வண்டியை நேராக்கி, முன்பக்கம் பழைய பிரேக்கையே மாட்டி எனக்கு விற்றார். பல்செட் வைக்கிற சின்ன டப்பாவில் அந்த போல்ட்டையும் கொடுத்தார். போன மழைக்காலத்தில் அவர் இறந்தார். சடங்குக்கு மச்சினன் வந்திருந்தான். இடது கையால் பாடையைத் தூக்கினான், எல்லோரையும்விட அதிகமாக அழுதான். அந்த அம்மாள் வந்து ஓரமாக நின்றார். நானும் போயிருந்தேன். டப்பா என் பையில் இருந்தது. நானும் சொல்லவில்லை.