வேர்வை அடங்கட்டும்

1

இந்தக் கதை ஒரு நோட்டீசாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

பாலைவனத்தில், பலோதி பக்கத்துச் சுகாதார அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஒவ்வொரு கோடைக்கும் மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்: அனல்காற்று எச்சரிக்கை, பத்து வரிகளுக்கு மிகாமல். நானும் எழுதிக் கொடுப்பேன். பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை வெளியே போகாதீர்கள், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள், தலையை மூடுங்கள். கை தானாக எழுதிவிடும். இந்த வருடம் நான்காவது வரியில் மாட்டிக்கொண்டேன்.

நான்காவது வரி இது: 'வெயிலிலிருந்து வந்தவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசினால்…'

வழக்கம் என்றால் யாருடைய வழக்கம்? பேனாவை மூடி வைத்துவிட்டேன். அப்போது தாப்பு என்கிற பெண்ணின் நினைவு வந்திருந்தது.

2

தொடக்கங்கள். அடித்தவற்றையும் காட்டிவிடுகிறேன், ஒளிப்பானேன்.

'மணல் மேடுகளின் மேல் சூரியன் தன் ஆயிரம் நாக்குகளை நீட்டி' (வேண்டாம். இங்கே சூரியனுக்கு நாக்கு இருப்பதாக யாரும் சொல்வதில்லை. 'இன்னைக்கு நாப்பத்தேழு' என்பார்கள், அத்தோடு பேச்சு முடிந்தது.)

'தாப்பு தன் மாமனாரின் கால்களை நன்றாக அறிவாள்' (இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

தாப்பு தன் மாமனார் ஊக்காராமின் கால்களை நன்றாக அறிவாள். முக்காட்டை மார்புவரை இழுத்து விட்டிருக்கும் மருமகளுக்குத் தெரிவதெல்லாம் தரையும் தரையில் நடப்பவையும்தான். இடது குதிகாலில் வெடிப்பு, வலது கட்டை விரலில் நகம் கிடையாது. முகத்தைக் கல்யாண போட்டோவில் பார்த்திருக்கிறாள்.

மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை மாமியார் மூலம் சொல்லலாம், இல்லை தாப்புவின் மகள் மூலம் சொல்லலாம். இருவரும் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது ஆடு.*

* நான் இட்டுக்கட்டவில்லை. சில வீடுகளில் ஆடு, சில வீடுகளில் சுவர். ஒரு வீட்டில் தண்ணீர்ப் பானையைப் பார்த்துப் பேசுவார்கள். ஆடு மேல், தலையையாவது ஆட்டும்.

3

நான் சொல்ல வந்த நாளில் ஆடுதான். மாமியார் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். கணவன் ஜோத்பூரில், கல் குவாரியில். நாலு குடிசையும் ஒரு தொழுவமும் உள்ள அந்த இடத்தில் இவர்கள் இரண்டு பேர். அடுத்த குடியிருப்பு இரண்டு மைல்.

காலை ஒன்பது மணிக்கே ஊக்காராம் முள்வேலி போடக் கிளம்பினார்.

"ஏ கறுப்பி," என்றாள் தாப்பு ஆட்டிடம். "இன்னைக்குக் காத்து சரியில்ல. வேலியை அந்தி சாஞ்சு போட்டுக்கலாம்னு சொல்லு."

"கறுப்பி," என்றார் அவரும். "உன் பாட்டனுக்குப் பாட்டனை மேய்ச்சவன் நான். வெயிலை எனக்குச் சொல்லித் தர வேணாம்னு சொல்லிடு."

கறுப்பி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காய்ந்த வன்னி இலையைத் தின்றது.

ஒரு மணிக்கு அவருடைய கால்கள் திரும்பி வந்தன. நேராக வரவில்லை. இரண்டடி இடப்பக்கம், ஓரடி வலப்பக்கம். அதை அவள் பார்த்தாள். கல்லில் இடறியிருப்பார் என்று நினைத்தாள். குடிசை நிழலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார்.

"கம்புமாவு மோர் இருக்கு, குடிக்கச் சொல்லு கறுப்பி."

"வேர்வை அடங்கட்டும்னு சொல்லு."

இங்கேதான் எங்கள் ஊர் வழுக்கி விழும். வெயிலிலிருந்து வந்தவுடன் குடிக்கக் கூடாது, வியர்வை அடங்கிய பிறகுதான் குடிக்க வேண்டும் என்பது தாய்ப்பாலோடு வந்த சட்டம். தாப்பு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முக்காட்டுக்கு அடியில் பார்த்தால் அவருடைய புறங்கை உலர்ந்திருந்தது. சட்டை முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. 'அப்பாடா, அடங்கிவிட்டது' என்று மோரை எடுத்து வந்து கட்டில் காலடியில் வைத்தாள்.

அடங்கியது வியர்வை மட்டும்தான். உள்ளே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

4

இதுவரை எழுதியதைக் கவ்ரிக்குப் படித்துக் காட்டினேன். கவ்ரி அந்தப் பக்கத்துச் சுகாதாரப் பணியாளர். தாப்புவின் கதை எனக்குக் கிடைத்ததே அவள் வாய் வழியாகத்தான்.

"என்னண்ணே, பாதி கதை ஆட்டுக்கே போயிடுச்சு," என்றாள்.

"ஆடு இல்லாட்டி அவங்க எப்படிப் பேசுவாங்க?"

"சரி, எழுதுங்க. ஆனா தாப்புவை மக்கு மாதிரி எழுதாதீங்க. நான் நடத்துன கூட்டத்துல முன்வரிசையில உக்காந்து கேட்டவ அவ. வேர்வை நின்னா என்ன, பேச்சு குழறுனா என்னன்னு எல்லாம் ஒப்பிப்பா."

"தெரிஞ்சுமா காத்திருந்தா?"

கவ்ரி டீயை ஊதினாள். "உங்க வீட்டுப் பெரியவருக்கு வந்தா உங்களுக்கும் தெரியாதுண்ணே. அடுத்த வீட்டுக்காரனுக்கு வந்தாத்தான் தெரியும்."

(இதை நோட்டீசில் போட முடியாது. இங்கே போடுகிறேன்.)

5

ஊக்காராம் குவளையை எடுத்தார். பாதி மோர் தரையில் கொட்டியது. பிறகு பேசினார். ஆட்டைப் பார்த்து அல்ல.

"தாப்பு, சாப்பிட்டியாம்மா?"

கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. குரலில் இத்தனை கனிவு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"நின்னுகிட்டே இருக்கியே. காலு வலிக்கும். உக்காரு தாயி."

அவள் உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்? கவ்ரி, "கண்ணை மூடித் தொறக்கற நேரம்" என்கிறாள். தாப்பு என்னிடம், "ரொம்ப நேரம்ணே" என்றாள். முதல் பிரதியில் நான் 'ஒரு நொடி' என்று எழுதினேன், அவளைக் காப்பாற்றுவதற்காக. இப்போது அடித்துவிட்டேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசினால் இது கலைந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்த மனிதர் செத்துக்கொண்டிருந்தார்.

"எருமையைத் தண்ணிக்கு ஓட்டிட்டியா?" என்றார் அவர்.

அந்த வீட்டில் எருமை இருந்ததே இல்லை.

தாப்பு முக்காட்டைத் தூக்கிப் பார்த்தாள். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. கண் எங்கோ இருந்தது. போனை எடுத்துக் கவ்ரியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாமாவுக்கு வெயில் அடிச்சிருச்சு. என்கிட்டயே பேசறாருக்கா! நேரா என்கிட்டயே!"

கவ்ரிக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. "ஜீப்பை எடுத்துக்கிட்டு வரேன். நாப்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நீதான். வாயில எதுவும் ஊத்தாதே, புரையேறும். சட்டையைக் கழட்டு, உடம்பு முழுக்க நனை, விசிறு. லேசான துணி என்ன இருக்கு?"

6

(இந்த இடத்தில் முதலில் எழுதியது: தாப்பு தன் முக்காட்டுச் சேலையையே உருவி நனைத்து அவர்மேல் போர்த்தினாள். பார்க்க அழகாக இருந்தது. கவ்ரி கேட்டுவிட்டு, "சினிமா எடுக்கறீங்களாண்ணே?" என்றாள். நடந்தது அதைவிடப் பெரிது.)

வீட்டில் இருந்தவை ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகளும் கம்பளியும்தான். தாப்புவின் முக்காடு நைலான், தண்ணீர் பிடிக்காது. லேசான பருத்தித் துணி, ஒன்பது கெஜம், ஒன்றே ஒன்று இருந்தது. ஊக்காராமின் தலையில் இருந்தது.

"அவரு தலைப்பாகை இருக்குல்ல, அதை அவிழு," என்றாள் கவ்ரி.

"ஐயோ, அதை எப்படிக்கா? அது அவரு மானம்."

"மானம் பத்திரமா இருக்கும்டி. மனுசன் இருக்க மாட்டான். அவிழு!"

தலைப்பாகையில் அடுத்தவன் கை பட்டால் எங்கள் பக்கத்தில் கோடாரி எடுத்த குடும்பங்கள் உண்டு. மருமகள் கை பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"மாமா, மன்னிச்சிருங்க," என்றாள். அவள் அவரிடம் நேராகப் பேசியதும் அதுதான் முதல் தடவை. அவர் அதற்குள் கேட்கும் நிலையில் இல்லை. சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். உள்ளே நரைத்த, குழந்தைத் தலை மாதிரிச் சின்னத் தலை. இரண்டு பானைத் தண்ணீரும் போனது. கை கழுவிய தண்ணீரைக்கூட ஆட்டுக்கு வைக்கும் வீடு அது. துணியை நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை என்று சுற்றினாள். முறத்தால் விசிறினாள். அனல்காற்றில் ஈரத்துணி மளமளவென்று காய்ந்தது. நிலத்தொட்டிக்கு ஓடி மொண்டு வந்து மறுபடி நனைத்தாள். ஏழு தடவை என்கிறாள். நான் எண்ணிக்கையை மாற்றவில்லை.

7

முடிவுகள்.

அ) அவர் பிழைக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்த தோஷம் என்று ஊர் தாப்புவைச் சொல்கிறது. (நம்பும்படியாக இருக்கிறது. நடக்கவில்லை.)

ஆ) அவர் பிழைத்து, கண் திறந்ததும், 'நீதான் என் மகள்' என்கிறார். (எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.)

இ) நடந்தது. கவ்ரியின் ஜீப்பில் போய், ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு எழுந்து வந்தார். அன்று மதியம் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. மாமியார் கேட்ட முதல் கேள்வி, "தலைப்பாகையைத் தொட்டது யாரு?" கவ்ரி சட்டென்று, "நான்தான். கவர்மெண்ட் கைக்குத் தீட்டுக் கிடையாது," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், விஷயம் முடிந்தது. அவரைக் காப்பாற்றியது யார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பழையபடி ஆட்டோடுதான் பேசுகிறார்.

இதோடு முடித்திருப்பேன். போன மாதம் மகளுக்குத் தடுப்பூசி போட வந்த தாப்பு, ஓரமாக நின்று என் மேஜையைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எருமைன்னாரே, அது வெயில் பேசுனது. எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி, 'சாப்பிட்டியாம்மா'ன்னாரு. 'காலு வலிக்கும், உக்காரு'ன்னாரு. அதுவும் வெயிலாண்ணே? இல்ல அவரா?"

மருத்துவரைக் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவிட்டேன். மருத்துவரைக் கேட்கவும் செய்தேன். "மூளை குழம்பினால் எதையும் பேசுவார்கள்," என்றார். அதை அவளிடம் சொல்ல எனக்கு மனமில்லை. 'அவர்தான் பேசினார்' என்று சொல்லவும் துணிவில்லை. அப்படிச் சொன்னால், பதினோரு வருடமாக அந்த மனிதருக்குள் அந்தப் பேச்சு இருந்தது, இனியும் இருக்கும், வெளியே வராது என்று அவளுக்குச் சொன்னதாகிவிடும். எது கூடுதல் கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஊசி வருகிற செவ்வாய்க்கிழமை. வந்து நிற்பாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?