ராஜா இல்லாத கிருமிகள்

காசநோய்ப் பிரிவில் மாத்திரை கொடுக்கும் நர்ஸுக்கு ஒரு பெருமை உண்டு. அவளிடம் மாத்திரை வாங்குகிறவர்கள் யாரும் ஒருநாள்கூட மட்டம் போட மாட்டார்கள். எல்லாம் அவள் சொல்லும் கதைக்காகத்தான். நுரையீரலுக்குள் கிருமிராஜா கோட்டை கட்டி உட்கார்ந்திருப்பான். மாத்திரைப் படை போய் மோதும். சரியான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்பாள். மறுநாள் வராமல் எங்கே போவது? இப்படியே ஆறு மாதம் ஓட்டிவிடுவாள்.

அந்த வரிசையில் வரும் டெய்லரைப் போல ஒரு ரசிகர் அமைய மாட்டார். வாயைப் பிளந்து கேட்பார். இரண்டு மாதத்தில் அவருக்கு இருமல் நின்று, முகத்தில் களை வந்தது. ஒருநாள் காலை வரிசையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, நர்ஸுக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. ராஜாவைக் கொன்றே விட்டாள். கோட்டை தவிடுபொடி. ஒரே கைதட்டல்.

மறுநாள் டெய்லரைக் காணோம். அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நான்காம் நாள் அவளே கடைக்குப் போய் நின்றாள். டெய்லர் மிஷினில் குனிந்திருந்தார். அவர் மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, ஆளையே காணோம்?"

"அதான் ராஜா செத்துட்டானே சிஸ்டர்!" டெய்லர் சிரித்தார். "இன்னும் எதுக்கு வயித்தைப் புரட்டுற மாத்திரை?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டத் திறந்த வாய் மூடிக்கொண்டது. ராஜாவைக் கொன்றவள் அவள்தானே! பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி எந்த மாத்திரைக்கும் அசையாமல் திரும்பி வரலாம். அப்புறம் இந்த மனிதரைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

"அண்ணே, ராஜான்னு யாருமே கிடையாது. நானா கட்டிவிட்டது."

மனைவியின் ஊசி நின்றது.

"கிருமிக்குத் தலைவனும் இல்ல, கோட்டையும் இல்ல. சுறுசுறுப்பா பெருகுறதெல்லாம் முதல்ல செத்துடும். உங்களுக்கு இருமல் நின்னது அதனாலதான். ஆனா சிலது சும்மா தூங்கிட்டுக் கிடக்கும். அதுங்கமேல மாத்திரை சட்டுனு வேலை செய்யாது. முழிக்க முழிக்க அடிக்கணும். அதுக்குத்தான் இன்னும் நாலு மாசம்."

"அப்புறம் ஏன் செத்துட்டான்னு சொன்னீங்க?" மனைவி கேட்டாள்.

"எல்லாரும் கை தட்டுவாங்கன்னுதான்க்கா." சொல்லும்போதே நர்ஸின் முகம் சுண்டிப்போனது.

டெய்லர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையைக் கடைசிவரை ஓட்டி, இரண்டு தையல் பின்னால் போட்டு இறுக்கிவிட்டுத்தான் நூலை வெட்டினார்.

"இதை விட்டா மொத்தமும் பிரிஞ்சுடும்," என்றார். "நாளைக்கு வந்துடறேன். ஆனா சிஸ்டர், அன்னிக்கு என்கூட கை தட்டினாங்களே, அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

அவள் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை டெய்லர்தான் வரிசையில் முதல் ஆள். நர்ஸ் எல்லோர் முன்னாலும் நின்று, தான் சொன்னது பொய் என்றாள். பிறகு தூங்கும் கிருமிகளைப் பற்றி, தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். சொல்லி முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கிச் சட்டைப்பைக்குள் கைவிட்டு, மூன்று நாளாக விழுங்குவதுபோல் பாசாங்கு செய்து பதுக்கியிருந்த மாத்திரைகளை அவள் மேஜையில் வைத்தார்.