செத்த கிருமியின் காய்ச்சல்

…செத்துப்போன கிருமிக்கு இவ்வளவு ஆட்டமா, முகம்மது தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார், பல் தந்தியடிக்கிறது, ஊசி போட்ட கை வீங்கிக் கிடக்கிறது, ஹஜ்ஜுக்குப் போகிறவர் நெருப்புக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட வேண்டுமென்று கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனது நேற்று, இன்று சுபஹுத் தொழுகைக்கு எழும்ப முடியவில்லை, அந்தக் காய்ச்சலே வந்துவிட்டதோ… இல்லை, அழகரெத்தினம் டொக்டர் ஊசியைக் குத்தும்போதே சொன்னாரே, "காய்ச்சல் வந்தாப் பயப்படாதீங்க. உள்ள போறது செத்த கிருமி. அதுட தோலில சீனி வகையில ஒரு சாமான் இருக்கு. உங்கட ரத்தத்தில உள்ள வெள்ளை அணு அதைத் தொட்டதும் உசிருள்ள கிருமி வந்திட்டெண்டு கிளம்பிரும். சூட்டைக் கிளப்புறது கிருமியில்ல, உங்கட ஆக்கள்தான்." நல்ல ஆட்கள், செத்ததா உசிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் சொந்த வீட்டுக்கே நெருப்பு வைக்கிற ஆட்கள்.

பயணத்துக்கு முன்னால் ஊரெல்லாம் மாப்புக் கேட்டாயிற்று, பள்ளிவாசலில், சந்தையில், சண்டை போட்ட நூல் வியாபாரியிடம்கூட. ஒரு வீடுதான் மிச்சம், கூடப்பிறந்த மூத்தவர் ஹஸன் காக்காவின் வீடு. காக்கா மௌத்தாகி மூன்று வருடம். இவருடைய மகளின் கலியாணத்தில், சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து சோற்றில் கை வைத்த பிறகு, தம்பி தன்னை இரண்டாம் பந்திக்குத் தள்ளிவிட்டானென்று எச்சில் கையோடு எழுந்து போன காக்கா, ஊரே பார்த்தது… அதற்காகக் கூடப்பிறந்தவரின் ஜனாஸாவுக்குப் போகாமல் இருக்கலாமா? இருந்தது பிழைதான், பெரும் பிழை, ஆனால் அந்த எச்சில் கை… நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மனிதர் மண்ணோடு மண்ணாகிவிட்டார், இன்னும் யாரோடு இந்தச் சண்டை?

மதியம் லுஹருக்குப் பிறகு மனைவி சுஹறா கஞ்சியோடு வந்து நெற்றியில் கை வைத்தாள். "இஞ்ச, மேல் நல்லாக் குளிர்ந்திரிக்கி. எழும்புங்க. நஸீறா மச்சிர ஊட்ட போய் மாப்புக் கேட்டுட்டு வருவம். விடிஞ்சாப் பயணமெலுவா."

"இன்னம் விடல்ல புள்ள, உள்ளுக்குக் குளிருது," என்றார், வியர்வை கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்த வியர்வையைப் பார்த்தாள், சட்டையை எடுத்துக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனாள். தெரிந்துவிட்டது அவளுக்கு… காக்காவின் பெண்சாதி நஸீறா மாப்புத் தரமாட்டாளென்றா பயம்? இல்லையே, அவள் நல்லவள், வாசலில் கண்டதுமே கேட்காமலே தந்துவிடுவாள், அதன் பிறகு காக்காவோடு கோபமாயிருக்க முடியாது, கோபமும் போய்விட்டால் அழ வேண்டிவரும், மூன்று வருடமாக அழாதது… அவர் போர்வையை இன்னும் விலக்கவில்லை.