பால்சுறா

பெருநகர் கிராமத்தில் வேதாசலத்தின் பெண்டாட்டி சாரதாவுக்குச் சுறா என்றாலே குமட்டும். ஆனாலும் தட்டு நிறைய வைத்த சுறாப்புட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். எல்லாம் மகளுக்காக. எடை குறைவாகப் பிறந்த குழந்தை, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அது வீடு வந்து சேரும்போது பால் வற்றியிருக்கக் கூடாதே.

"பச்ச ஒடம்புக்காரி பஸ் ஏறி அலையக் கூடாது," என்று மாமியார் கோவிந்தம்மாள் அவளை வீட்டோடு வைத்துவிட்டாள். "மாரு சும்மா கெடந்தா பால் வத்திப் பூடும். அதுவரிக்கும் தேசம்மா கொயந்தைக்கி குடுத்துக்கினு இரு."

தேசம்மாள் கோவிந்தம்மாளின் மகள். தலைச்சன் பிரசவத்துக்கு வந்தவள். ஆண் குழந்தை, அவளுக்கோ பால் ஒரு சொட்டு இல்லை. சாரதா மறுக்கவில்லை. நாத்தனார் பிள்ளையை மடியில் போடும்போதெல்லாம் தன் மகளின் முகத்தை நினைத்துக்கொள்வாள். அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள்.

வேதாசலம் அவ்வப்போது காஞ்சிபுரம் போய் வருவான். "நல்லாத்தான் கீது," என்பான், செருப்பைப் பார்த்துக்கொண்டே. அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமன்.

அன்று கோவிந்தம்மாள் கழனிக்குப் போயிருந்தாள். மீன்காரி செங்கேணி வாசலில் கூடையை இறக்கி, பால்சுறாவின் வயிற்றைக் கீறினாள். உள்ளிருந்து விரல் நீளக் குட்டிகள் வழிந்தன. அவற்றை அள்ளி நாய்க்கு வீசினாள்.

"உனுக்கு எம்மாம் பெரிய மனசும்மா," என்றாள். "பெத்தத ஏரிக்கரையில பொதச்சப்புறமும் நாத்தனா கொயந்தைக்கி பால் குடுக்கற. வேற ஒருத்தியா இருந்தா அன்னிக்கே மார்ல மல்லிப்பூவ வெச்சிக் கட்டி, பால வத்த வுட்டிருப்பா."

"எப்பக்கா பொதச்சாங்க?"

"நீ வூட்டுக்கு வந்த அன்னிக்கே..." செங்கேணியின் வாய் பாதியில் நின்றது. மீனை அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. பெற்றவளை மட்டும் கறவை மாடாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சாரதாவுக்கு அழுகை வரவில்லை. சுறாவை வேகவைத்தாள், சொரசொரத்த தோலை உரித்தாள், பூண்டு தட்டிப் போட்டுப் புட்டுச் செய்தாள். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு மொட்டு விடாமல் மல்லிகையைப் பறித்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை வீறிட்டது.

"புட்டு துன்னியா? கொயந்த கத்துது பாரு, எடுத்துக் குடு," என்றாள் கோவிந்தம்மாள்.

"துன்னேன் அத்தே. பால் நெறைய கீது." சாரதா முந்தானையை விலக்கினாள். மார்பை இறுக்கிக் கட்டிய துணிக்குள்ளிருந்து மல்லிகை பிதுங்கிக்கொண்டிருந்தது. "ஆனா இது எம்பொண்ணுக்கு வெச்சது. அவள இட்டாந்து எம்மடியில போடுங்க. அவ குடிச்சப்புறம் இவனுக்குக் குடுக்கறேன்."

கோவிந்தம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். தேசம்மாள் ஓடிவந்து சாரதாவின் காலைப் பிடித்தாள்.

சாரதா துணியை இன்னொரு சுற்று இறுக்கினாள். பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது.