அரைத்தெடுத்த நம்பர்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த எஞ்சினின் நம்பரை நான் கிரைண்டர் வைத்து அரைத்தெடுத்தேன். பதினொன்றரைக்கு அஜேஷ் வந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் கடிதத்தைக் காட்டினான். நடுவில் கிடந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை யாராவது திருப்பித் தருவதாக இருந்தால், என் வர்க்‌ஷாப்பை அப்படியே தந்தவன் பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

அஜேஷ் என் பெண்டாட்டி ஜினுவின் தம்பி. பனச்சமூட்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். என் வர்க்‌ஷாப் இந்தப் பக்கம். அவனிடம் பதினெட்டு வருஷப் பழைய பிக்கப் ஒன்று உண்டு. பொழியூரில் மீன் பெட்டி ஏற்றி மலையோரச் சந்தைகளுக்குக் கொண்டுவருவான். வெள்ளறடை ஏற்றத்தில் அது புகையைக் கக்கிக்கொண்டு தவழும்போது பின்னால் வந்தவனெல்லாம் முந்திப்போய் மீனை விற்று முடித்துவிடுவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கவிழ்ந்து நொறுங்கிய ஒரு காரின் டர்போ டீசல் எஞ்சினை வாங்கிக்கொண்டு வந்து என் ஷெட்டில் இறக்கினான். காரும் பிக்கப்பும் ஒரே கம்பெனிதான். ஆனாலும் அது நாலு மாசம் என் உயிரை எடுத்தது. பழைய கியர் பாக்ஸோடு சேர்க்க இடையில் ஒரு இரும்புத் தட்டு கடைய வேண்டி வந்தது. மவுண்ட்டை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைத்தேன். டர்போவுக்கு இடம் போதாமல் பேட்டரியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். காரின் வயரிங் முழுவதையும் ஒவ்வொன்றாகப் பிரித்து இதில் ஓட்டினேன். என்னிடம் வேலைக்கு ஆள் நிற்காது, என் வாய் அப்படி. எல்லாம் தனியாகத்தான் செய்தேன்.

இந்த எல்லையில் எஞ்சின் மாற்றுகிற மெக்கானிக்குகளுக்கு ஒரு முறை உண்டு. புதிதாக வைத்த எஞ்சினின் நம்பரை அரைத்தெடுத்துவிட்டு, ஆர்.சி. புக்கில் இருக்கிற பழைய நம்பரை அதே இடத்தில் பஞ்ச் வைத்து அடித்துக் கொடுப்போம். எந்த மாநிலத்துக்காரன் வண்டியை நிறுத்தினாலும் புக்கையும் நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். இதைச் செய்யச் சொல்லி வண்டிக்காரன் வாய் திறந்து கேட்கமாட்டான். செய்தேன் என்று மெக்கானிக்கும் சொல்லமாட்டான். பேசிவிட்டால் ரெண்டு பேரும் தெரிந்து செய்த குற்றமாகிவிடும் அல்லவா? கேட்காமல் செய்து கொடுப்பதுதான் மரியாதை. பதினான்கு வண்டிக்கு அப்படிச் செய்திருக்கிறேன். பதினைந்தாவது என் சொந்த மைத்துனனுடையது என்பதால் கண்ணாடியெல்லாம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வரிசை பிசகாமல் அடித்தேன். பளபளப்பு தெரியாமல் இருக்க உப்புத் தண்ணீரும் தடவினேன். அன்பில் செய்தேன். அதுதான் இப்போது நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

அஜேஷ் கையில் பழம்பொரிப் பொட்டலத்தோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தான், கையைக் கழுவுங்க. ஒரு சாதனம் காட்டணும்."

"என்னலே, கல்யாணத்துக்குப் பெண்ணு வல்லதும் சரியாச்சா?"

"அதுக்கும் மேல ஆக்கும்," என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். "எஞ்சின் மாத்துறதுக்கு பெர்மிஷன். நாலு மாசம் ஆபீஸுக்கு நடந்தேன். உங்ககிட்ட சொன்னா கேலி பண்ணுவியள்னு மூச்சு விடல்ல."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நடுவில் தடித்த எழுத்தில் புது எஞ்சினின் நம்பர் இருந்தது. நான் அரைத்து, தூளை ஊதித் தள்ளிய அதே நம்பர்.

"இந்த நம்பர் உனக்கு எப்படிலே கிட்டிச்சு?"

"எஞ்சின் எறக்கின அண்ணைக்கு நீங்க சோறு திங்கப் போனியள்லா? அப்ப பென்சிலை உரசி, செல்லோடேப்பு ஒட்டி பிரிண்ட் எடுத்தேன். அதையும் அப்ளிகேஷன்ல ஒட்டிக் குடுத்திருக்கு. நாளைக்கு காலைல பத்து மணிக்கு பாறசாலை கிரவுண்டுல இன்ஸ்பெக்ஷன். நேருல பாத்து, ரெண்டு பிரிண்டையும் ஒத்து வச்சா தீந்தது காரியம்."

அதற்கு மேல் அவன் சொன்னதெல்லாம் என்னை இன்னும் உள்ளே தள்ளிப் பூட்டியது. பாலராமபுரத்தில் ஒரு நெசவுச் சங்கம் அவனுடைய வண்டியைக் கேட்டிருக்கிறது. நெசவுக்காரர்களின் வீடுகளுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தினசரி வேலை. பேப்பர் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்களுடைய நிபந்தனை. திங்கள்கிழமை முதல் ஓட்டம். சேலையில் மீன் வாடை ஏறக்கூடாது என்று பின்பெட்டியைச் சோப்பும் சுண்ணாம்பும் போட்டு நாலு தடவை கழுவி வைத்திருந்தான். மீன் பெட்டி தூக்கித் தூக்கி அவனுடைய இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்து போயிருக்கிறது. முப்பத்தொரு வயதுதான் ஆகிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேப்பருக்கு அலைகிறவனை அந்த ஜங்ஷனில் என்னைப்போல் கிண்டல் செய்தவன் வேறு யாரும் கிடையாது. "கடுதாசியை டாங்கில ஊத்தினா வண்டி ஓடுமாலே?" என்று அஜேஷிடமே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அதனால்தான் அவன் என்னிடம் மறைத்தான். என் வாய்க்குப் பயந்து மறைத்தான், அந்தப் பையனை நான் என்ன சொல்ல?

அவன் பழம்பொரியைத் தின்றுகொண்டிருந்தபோது போனட்டுக்குள் குனிந்து பார்த்தேன். மறுபடி அரைத்துப் புது நம்பரையே அடித்தால் என்ன? நடக்காது. கம்பெனி எழுத்து சிறுசிறு புள்ளிகளாகக் குத்தியது. என் பஞ்ச் வைத்து அடித்தால் அது வரவே வராது. அரைத்த பள்ளமும் கையால் தடவினாலே தெரியும். நம்பர் அழித்த எஞ்சின் என்றால் திருட்டு எஞ்சின் என்றுதான் முதல் அர்த்தம். வண்டியைப் பிடித்து வைப்பார்கள். கேஸும் வண்டிக்குச் சொந்தக்காரன் மேல்தான் வரும்.

"மக்கா, டர்போ பைப்புல ஒரு சின்ன லீக் உண்டு. இன்ஸ்பெக்ஷனை ஒரு வாரம் தள்ளி வைப்பமா?" என்றேன்.

"ஐயோ அத்தான், இதை விட்டா அடுத்த டேட் நாப்பது நாள் கழிச்சாக்கும். சங்கத்துக்காரங்க நிப்பாங்களா? லீக்குன்னா இப்பவே பாப்பம்."

லீக் எங்கே இருக்கிறது? ஸ்பேனரை எடுத்து ஏற்கெனவே இறுகிக் கிடந்த கிளிப்பை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். என்னையும் பிடித்துப் பக்கத்தில் ஏற்றினான். அந்த வண்டியில் என் பக்கத்துக் கதவு உள்ளே இருந்து திறக்காது, யாராவது வெளியே வந்து திறந்துவிட வேண்டும். நாலு மாசம் எஞ்சினைக் கட்டிப்பிடித்து அழுத நான் அந்தக் கைப்பிடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளறடை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தான். டர்போ சீட்டியடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கியது. முன்னால் போன பஸ்ஸை ஏற்றத்திலேயே தாண்டினான். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இத்தனை நேர்த்தியாக நான் ஒரு எஞ்சினை உட்கார வைத்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் திறக்காத அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியளா அத்தான், பாத்தியளா. இது வண்டியா விமானமா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"அத்தான் கை வச்சதாக்கும்னு சங்கத்துல போய் சொல்லுவேன். அங்க பத்து வண்டி உண்டு. எல்லாம் உங்ககிட்டதான் வரும்."

சொல், சொல் என்று உள்ளே ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வளைவில் சொல்லுவோம் என்று நினைத்தேன். வளைவு வந்தபோது அவன் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான். மறுபடியும் விட்டேன். திரும்பி வந்ததும் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான். காலையில் எட்டரைக்கு வருகிறேன், ரெடியாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியோடு போய்விட்டான். அவன் இல்லாத நேரத்தில் வண்டியைக் கிளம்பாமல் ஆக்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. அதுவும் அதோடு போனது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஜினுவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெர்மிஷனுக்கு எழுதிப்போட்ட விஷயம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

"பின்னே எங்கிட்ட எதுக்கு சொல்லல்ல?" என்று கத்தினேன். கறிச்சட்டியை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"சொன்னா நீங்க அவனை நாறடிப்பிய. ஜங்ஷன்ல நிண்ணு சிரிப்பிய. அவன் ஒரு காரியமாவது நேராட்டு செய்யட்டும்னு நெனச்சேன். இதுக்கு எதுக்கு இப்படி சாடுதிய?"

"ஒண்ணுமில்ல."

"மொகம் என்ன இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்லா."

அவளிடம் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தம்பிக்குப் போன் போட்டிருப்பாள். அவனும் மறுநாள் கிரவுண்டுக்குப் போகாமல் இருந்திருப்பான். வேலைதான் போயிருக்கும், வண்டியாவது மிஞ்சியிருக்கும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சோறு தின்றேன். இன்ஸ்பெக்டர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார், யார் குனிந்து கரியைப் பூசிக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பார்த்தவர்கள் யாரும் குனிந்ததில்லை.

காலையில் அஜேஷ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். வண்டிக் கண்ணாடியில் ஒரு சின்னப் பிச்சிப்பூ மாலை தொங்கியது. பாறசாலை கிரவுண்டில் எங்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள் நின்றன. இன்ஸ்பெக்டர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். முதல் வண்டிக்கே போனட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, ஏறக்குறைய தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"அஜேஷ்," என்று கூப்பிட்டேன்.

"என்ன அத்தான்?"

"வீட்டுக்குப் போயிடுவமா?"

நான் பயப்படுகிறேன் என்று அவன் சிரித்தான். "பேடியா? நீங்க செய்த வேலையில எனக்குப் பேடி இல்ல."

எங்கள் முறை வந்தது. கடிதத்தையும் ஃபைலில் ஒட்டியிருந்த பென்சில் பிரிண்டையும் அவர் சரிபார்த்தார். பிறகு புது பிரிண்ட் எடுக்கச் சொல்லி அஜேஷிடம் பென்சிலைக் கொடுத்தார். அவனே குனிந்து உரசினான். அவனே செல்லோடேப்பை ஒட்டி, ஓரத்தில் காற்றுப் புகாமல் நகத்தால் தடவி, மெதுவாக உரித்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பதினெட்டு வருஷமாக ஆர்.சி. புக்கில் இருக்கிற நம்பரை அவனுக்குப் பார்த்த உடனே தெரியும்.

டேப்பைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கோபத்துக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியும். வரவில்லை. நேற்றைய லீக்கும், ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொன்னதும், சற்று முன்னால் வீட்டுக்குப் போவோம் என்று கேட்டதும் ஒவ்வொன்றாக அவனுக்குப் புரிந்துகொண்டு வருவதை நான் நின்று பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் டேப்பை வாங்கினார். விரலை உள்ளே விட்டு அரைத்த பள்ளத்தைத் தடவினார். நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் மலையாளத்தில் கேட்டார்.

"ஏது வர்க்‌ஷாப்பிலா இது செய்தது?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஷெட்டைத் திறந்தால் நம்பர் அடிக்கிற பஞ்ச் பெட்டி கிடைக்கும், அதோடு பதினான்கு வண்டிக்காரர்களும் மாட்டுவார்கள் என்று அந்த நொடியில் ஒரு கணக்கு போட்டேன். அதெல்லாம் சாக்கு. பயம், வேறொன்றும் இல்லை.

"வர்க்‌ஷாப் ஒண்ணும் இல்ல மேடம்," என்றான் அஜேஷ். "வீட்டுல வச்சு நான் தன்னே செய்ததாக்கும்."

"தனியாகவா? இவ்வளவு வேலையும்?" அவர் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். கிரீஸ் ஏறிக் கறுத்த என் நகங்களைப் பார்த்தார். "இவர் யார்?"

"தெரியாது மேடம். வழியில கை காட்டினாரு, ஏத்திக்கிட்டு வந்தேன்."

பிறகு அவன் என்னைப் பார்த்தான். அத்தான் என்று கூப்பிடவில்லை.

"நீங்க போங்க. உங்களுக்கு இங்க காரியம் ஒண்ணும் இல்ல. பஸ்ஸு இப்ப வரும்," என்றான். சொல்லிவிட்டுச் சாவியை உருவி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

நான் போனேன். கேட் வரைக்கும், கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும், யாராவது கூப்பிட்டால் திரும்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் எடுக்கும்போது ஜினு போன் செய்தாள்.

"பாஸ் ஆச்சா? தம்பி போன் எடுக்கல்ல. உங்க கூடத்தானே நிக்குதான்?"

"இல்ல," என்றேன். "நான் பஸ்ஸுல வாறேன்."