கை தூக்க ஆள் இல்லை

எங்கள் கம்பெனிக்கு இயக்குநர்கள் ஐந்து பேர். பெரியவர், அவர் தம்பி, மகன், மருமகன், மச்சான். ஐவருக்கும் கம்பெனியில் சம்பளம் உண்டு. அது எவ்வளவு என்று முடிவு செய்வதும் அவர்களேதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

சொந்தச் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஆள் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஒருவர் வெளியே போவார், மற்ற நால்வரும் கை தூக்குவார்கள். அவர் உள்ளே வந்ததும் அடுத்தவர் எழுந்து போவார். கம்பெனி நஷ்டத்தில் ஓடியபோதும் இந்தக் கூத்து நிற்கவில்லை. பொறுத்துப் பார்த்த பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். கூட்டத்தை உட்கார்ந்து கவனிக்க நீதிமன்றம் ஒரு வக்கீலை அனுப்பியது.

நான் செயலாளர். தீர்மானத்தைப் படிப்பதும் முடிவை எழுதுவதும் என் வேலை. இன்றைக்குச் சம்பளத் தீர்மானம் நிறைவேறவில்லை என்றால் உன் நாற்காலிக்கு வேறு ஆள் தயார் என்று பெரியவர் காலையிலேயே சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி நிறைமாதம். கிளம்பும்போது அவளும் ஒன்று சொன்னாள்.

"இன்னைக்கு ஒரு நாளாவது வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

பெரியவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. ஒவ்வொன்றாக எதற்கு, ஐந்து பேர் சம்பளத்தையும் ஒரே தீர்மானமாகப் படி என்றார். ஏதோ சொல்லப் போனேன், கண்ணாலேயே அடக்கினார். சரி, எக்கேடோ கெடட்டும் என்று படித்துவிட்டேன்.

இதில் சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று வக்கீல் நிதானமாகக் கேட்டார். பெரியவர் பழக்கதோஷத்தில் எழுந்து வெளியே போனார். தம்பி போனார். மகன், மருமகன், மச்சான் என்று வரிசையாகப் போனார்கள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே நானும் வக்கீலும் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வக்கீல் பேனாவைத் திறந்தார். நிறைவேறியது என்றால் இவர் விடமாட்டார், இல்லை என்றால் பெரியவர் விடமாட்டார். பிரசவச் செலவு வேறு கண்முன் வந்து நின்றது.

பெரியவர் கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னப்பா, பாஸ் ஆயிடுச்சா?"

கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று பணிவாகச் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய்!

"கை தூக்க ஆள் வேணுமேங்க. நாற்காலியா தூக்கும்?"

வக்கீல் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். பெரியவர் சிரிக்கவில்லை.

"நீயும் வெளிய வா."

சாப்பாட்டுப் பையோடு மாடிப்படியில் இறங்கும்போது மனைவி போன் செய்தாள். எடுத்த எடுப்பில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர்களா என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வரவில்லை.