முன்பக்கம் இல்லாத கப்பல்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் அந்தக் கம்பெனியில் சோதனைப் பிரிவு அவள் பொறுப்பு. செய்தவன் சரியாகச் செய்திருப்பான் என்று நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளமே. வீட்டிலும் அந்தப் புத்தி அவளை விடவில்லை. கணவன் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். அவன் மூடிய குழாயை இன்னொரு தரம் திருகுவாள்.

"குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை, தெரியுமில்ல?" என்பான் அவன்.

"பார்க்கலேன்னா எனக்கு வேலையே இல்லை," என்பாள் அவள்.

வெளிவரக் காத்திருந்த விளையாட்டில் பகைவர்கள் கரவர்கள். எங்கோ ஒரு கிரகத்திலிருந்து வரும், ஈவிரக்கம் இல்லாத இனம். அவர்களுடைய போர்க்கப்பலுக்குக் கவந்தம் என்று பெயர். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று சொல்ல முடியாத கறுப்பு உருளை அது. வருகிறதா, போகிறதா என்பதுகூடத் தெரியாது. கண்டதும் சுடும், கெஞ்சினாலும் விடாது என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தக் கப்பலின் மூளையை எழுதுகிற வேலை இப்போது அவளுடைய கொழுந்தனிடம் இருந்தது. சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. அவள் சொல்லித்தான் முதலாளி எடுத்தார். அவள் வீட்டிலேயே, எதிர் அறையில் தங்கியிருந்தான். சாது, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாளாக அந்தச் சாது சரியில்லை. அவள் பக்கத்தில் வந்தால் திரையை மாற்றினான். படிக்கட்டில் நின்று போனில் கிசுகிசுத்தான். மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம்? போட்டிக் கம்பெனி ஒன்று ஆள் பிடிக்கிறது என்ற பேச்சும் காதில் விழுந்திருந்தது.

இந்த நேரத்தில் சோதனை ஆட்டம் ஒன்றின் வீடியோ பதிவு அவள் கண்ணில் பட்டது. கூலிக்கு ஆடிப் பார்க்கும் பெண்ணொருத்தி, ஆட்டத்தின் நடுவில் வீட்டிலிருந்து போன் வர, அப்படியே எழுந்து போயிருக்கிறாள். கவந்தம் வந்தது. ஆளில்லாத கப்பலின் எதிரே நின்றது. சுடவில்லை. வந்த வழியே போய்விட்டது.

பகைவன் சுடாவிட்டால் அப்புறம் என்ன விளையாட்டு? காசு கொடுத்து வாங்குகிறவன் காறித் துப்புவான். கப்பலின் தாக்குதல் பகுதியில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று பார்த்தாள். கொழுந்தன். போன வாரம் மட்டும் பல தடவை. யாரிடமும் மூச்சு விடவில்லை. உள்ளே இருந்துகொண்டே கெடுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். இவன் தானாக மாட்டினால், சிபாரிசு செய்த தன் தலையும் சேர்ந்து உருளும். நாமே முந்திக்கொண்டால் பிழைக்கலாம் என்று நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி அவனைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "கப்பலோட தாக்குதல்ல கை வச்சியா?"

அவன் அண்ணியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "வச்சேன் சார்."

"யாரைக் கேட்டு?"

அவன் மறுபடியும் அண்ணியைப் பார்த்தான். மதியத்துக்குள் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி. வீட்டுக்காரனிடம் எப்படிச் சொல்வது என்பது இன்னொரு பக்கம்.

"அவன் வர்றதுக்கு முன்னாடி இருந்த புரோகிராமை எடுத்துத் திரும்பப் போட்டுடுங்க. போட்டு ஒரு தடவை பார்த்துடுங்க," என்றார் முதலாளி.

பழையதை எடுத்துப் போட்டாள். ஆடினாள். கவந்தம் தலைகாட்டியதும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. சோதிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். இருக்கிற வேலைக்குக் காத்துக்கிடக்க யாருக்கு நேரம்? கண்டதும் சுட்டால் சண்டை உடனே மூளும், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அவளும் இத்தனை காலம் அப்படியே பார்த்து, 'கண்டதும் தாக்குகிறது, சரி' என்று தள்ளியிருந்தாள்.

இந்த முறை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கப்பல் நெருங்கித் திரையை அடைத்தது. இப்போது சுடும், இதோ சுடும் என்று பல்லைக் கடித்தாள். கை பரபரத்தது. கவந்தம் சும்மா நின்றது. நின்றுவிட்டு மெல்ல விலகிப் போனது. அதற்கும் முந்தியதை எடுத்துப் பார்த்தாள். அதிலும் சுடவில்லை. கொழுந்தன் இந்தக் கட்டடத்துக்குள் காலடி வைக்காத காலத்தில் செய்தது அது. எல்லாரும் சேர்ந்து கொடியவன் என்று பெயர் வைத்த கப்பல், தன்னை அடித்தவனை மட்டும்தான் திருப்பி அடித்திருக்கிறது.

அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கொழுந்தன் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கணவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வாரம்தான் கண்டுபிடிச்சேன் அண்ணி. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான் இருந்திருக்கு. வெளியில தெரிஞ்சா, சோதிச்சது யாருன்னுதானே கேப்பாங்க? சத்தமில்லாம சரிபண்ணிடலாம்னு பார்த்தேன். பாதிதான் முடிஞ்சுது."

"படிக்கட்டுல நின்னு எங்கிட்டதான் பேசினான்," என்றான் கணவன். "அண்ணிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தினமும் கேட்டான். நான்தான் முடிச்சிட்டுச் சொல்லுடான்னேன்."

"முதலாளி கேட்டப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்களே அண்ணி." "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதிர் ரூம்லதானே இருக்கேன்."

வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுதால் அதையும் நடிப்பு என்பார்களோ என்று பயந்து அடக்கிக்கொண்டாள். அங்கேயே நின்று, இரண்டு பேர் காதிலும் விழும்படி முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், தப்பு என்னோடது. பழசுலயும் கப்பல் சுடலை. முதல்லேருந்தே சுடலை. கவனிக்காம விட்டது நான். அவன் அதைச் சரிபண்ணத்தான் கை வச்சிருக்கான்."

"வீட்டுக்குப் போயிட்டீங்களாம்மா?" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"அவரும் அங்கதான் இருக்காரா?"

"இருக்கான் சார். ஆனா நீங்களே பழசை ஓடவிட்டுப் பாருங்க சார், தெரியும்."

"பார்க்கலாம்," என்றார் முதலாளி நிதானமாக. "ஆனா அந்தப் பழசை இன்னிக்கு மத்தியானம் எடுத்துப் போட்டது நீங்கதானேம்மா?"

கொழுந்தனுக்காக அவளே அதில் கை வைத்திருப்பாளோ என்கிறார். அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள்.